நம்பிக்கை கொடுத்தாரா?

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறவர்களை நம் ஊர்களில் வாசலிலேயே நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார்கள். “டாக்டர் நம்பிக்கை கொடுத்தாரா?” என்பதுதான் அது. நோய் என்ன, மருந்து என்ன, இன்னும் எத்தனை நாள் அலைய வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கொடுத்தார் என்றால் முகம் மலர்ந்து உள்ளே அழைத்துக் காப்பி கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்றால், “கையை விரித்துவிட்டாராமே” என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நிலை இருக்கக்கூடும் என்பதற்கு நம் பேச்சில் இடமே இல்லை.

ஆனால் இன்று எத்தனையோ குடும்பங்கள் அந்த மூன்றாவது நிலையில்தான் குடியிருக்கின்றன. புற்றுநோய் தோன்றிய இடத்தை விட்டுப் பரவிவிட்டது என்று தெரிந்த பிறகும் சிகிச்சை நின்றுவிடுவதில்லை. முன்பெல்லாம் மாதங்களில் முடிந்துபோன வாழ்க்கையை இப்போது பல நோய்களில் வருஷக்கணக்கில் நீட்டிக்க முடிகிறது. அடியோடு குணமாக்குவதாக டாக்டர் வாக்களிப்பதில்லை, கையையும் விரிப்பதில்லை. “கட்டுக்குள் வைத்திருப்போம்” என்கிறார். கட்டுக்குள் இருக்கிற நோயோடு ஒரு மனுஷி காலையில் எழுந்திருக்க வேண்டும், பல் துலக்க வேண்டும், பேத்தியைக் கொஞ்ச வேண்டும், பால்காரனுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். அவளுக்கு நம்பிக்கை என்பது எது? அவளைச் சுற்றியிருப்பவர்கள் அதைக் கொடுப்பது எப்படி? இதைப் பற்றித்தான் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

நான் வைத்தியம் படித்தவன் அல்லன். கதை எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலுக்கு இந்த நடு நிலை என்றாலே பிடிக்காது. 1962-இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தை நினைவிருப்பவர்கள் இருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிற கதை. கணவனுக்குப் புற்றுநோய்; ஆபரேஷன் நடக்கிறது; நோயாளி பிழைக்கிறான்; பிழைக்க வைத்த டாக்டர் இறந்துபோகிறார். கதை என்றால் ஒருவர் பிழைத்தாக வேண்டும் அல்லது ஒருவர் சாக வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து, ஏழு நாள் படுத்து, ஏழு நாள் உட்கார்ந்து, ஏழு நாள் நடமாடி, மறுபடியும் பஸ் ஏறுகிற வாழ்க்கையை எந்தப் பத்திரிகைக்குத் தொடர்கதையாக எழுதுவது? ஆயினும் அப்படித்தான் என் அக்காள் மூன்று வருஷங்களாக வாழ்ந்துகொண்டிருக்கிறாள்.

அக்காளுக்குத் திருநெல்வேலியில் வாழ்க்கை. அத்தான் தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தொரு வயதில் அவளுக்கு வயிறு உப்புசமாக இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். வாயு என்று சொல்லி மூன்று மாதம் சுக்கும் ஓமமும் சாப்பிட்டாள். சூலகத்தில் வருகிற புற்று இப்படித்தான் அஜீரணத்தைப் போல வேஷம் போட்டுக்கொண்டு வருமாம். அதனால்தான் பலருக்கும் பரவிய பிறகே அது தெரிய வருகிறது. ஸ்கேன் எடுத்தபோது வயிற்றில் நீர் கோத்திருந்தது. நுரையீரலைச் சுற்றியிருந்த நீரிலும் அந்த அணுக்கள் இருந்தன. நான்காம் நிலை என்றார்கள்.

அன்று மாலையே எங்கள் குடும்பம் கூடி ஒரு தீர்மானம் செய்தது. அக்காளிடம் சொல்வதில்லை என்பது தீர்மானம். கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் ஒரு நீர்க்கட்டி, அதைக் கரைக்க ஊசி என்று சொல்லிக்கொள்வது. அத்தானுடைய கட்டளை அது. அவரை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நாற்பது வருஷம் உடனிருந்தவளிடம் அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அதை அன்பு என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

மதுரையில் இரண்டாவது தடவை மருந்து ஏற்றியபோது நான் உடன் போயிருந்தேன். அத்தான் டீ குடிக்கப் போனார். அக்காள் மருந்துப் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, “வாசல்ல மூணு பாஷையில எழுதிப் போட்டிருக்கான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னா நினைக்கே, தம்பி?” என்றாள். பிறகு, “அத்தானுக்குத் தெரிய வேண்டாம். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவுக தாங்க மாட்டாக” என்றாள்.

அவர் அவளுக்காகப் பொய் சொல்ல, அவள் அவருக்காக அந்தப் பொய்யை நம்புவதாக நடித்துக்கொண்டிருந்தாள். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள். நோயின் பாரத்தைச் சுமக்கிற உடம்பின்மேல் நாடகத்தின் பாரத்தையும் ஏற்றி வைத்திருந்தோம்.

இத்தகைய பொய்யை ஆதரிக்கிறவர்கள் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பார்கள். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைத்து எண்ணத்தக்கது என்று அவர் சொல்லியிருக்கிறார் அல்லவா? சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நன்மை யாருக்குச் சேர்கிறது என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நோயாளியிடம் மறைப்பதால் உடனே நிம்மதி அடைகிறவர்கள் மறைக்கிற நாம்தான். அவள் அழுவதைப் பார்க்க வேண்டியதில்லை. அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் தேட வேண்டியதில்லை. அவளுக்கோ பேசுவதற்கு ஆளில்லாமல் போகிறது. மனத்தில் கிடப்பதை, செய்து முடிக்க வேண்டியதை, யாருக்கு எந்த நகை என்பதைக்கூடச் சொல்ல முடியாமல் அவள் ஊமையாக்கப்படுகிறாள். இதைக் குற்றமற்ற நன்மை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே வள்ளுவர் ‘மருந்து’ என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து கவனிக்கிறவன் என்பன அந்த நான்கு. புட்டியில் இருப்பது கால் பங்குதான். கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிற கைக்கும் கால் பங்கு உண்டு. உரை எழுதிய பரிமேலழகர் இன்னும் ஒரு படி மேலே போய் ஒவ்வொருவருக்கும் நான்கு தகுதிகள் வகுக்கிறார். நோயாளிக்குப் பணம் இருக்க வேண்டும். மருத்துவன் சொற்படி நடக்க வேண்டும். தன் நோயின் நிலையை எடுத்துச் சொல்ல வேண்டும். மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கவனிக்கிறவனுக்கோ நோயாளியிடம் அன்பு வேண்டும், மனத்திலும் சொல்லிலும் உடம்பிலும் தூய்மை வேண்டும், சொன்னதைச் செய்யும் திறமை வேண்டும், அறிவும் வேண்டும்.

பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய உரை இன்றைய கீமோ வார்டுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று வியந்திருக்கிறேன். தன் நோய் இன்னதென்று தெரியாதவள் அதன் நிலையை டாக்டரிடம் எப்படி எடுத்துச் சொல்வாள்? எதற்காக என்று தெரியாமல் மருந்தின் துன்பத்தை எப்படிப் பொறுப்பாள்? கவனிக்கிறவனுக்கு அன்பை முதலில் வைத்த உரையாசிரியர், அது மட்டும் போதும் என்று நிறுத்தவில்லை. சொல்லிலும் தூய்மை வேண்டும் என்று சேர்த்தார். எங்கள் வீட்டில் முதலாவது நிறைய இருந்தது. இரண்டாவதைத்தான் மறைத்து வைத்திருந்தோம்.

உண்மையைச் சொல்வது என்றால் கல்லைத் தூக்கி எறிவதுபோல எறிவது என்று அர்த்தமில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அக்காளும் அறைக்குள் இருக்கட்டும் என்று அத்தானிடம் நான் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தலையசைத்தார். டாக்டர் ஒரு பெண்மணி. அவர் அக்காளிடம், “உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?” என்றுதான் ஆரம்பித்தார். அக்காள் பெயரைக் கேட்கவில்லை, நிலையைக் கேட்கவில்லை. “தை மாசம் பேத்திக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். இருப்பேனா?” என்று கேட்டாள். முழுவதும் போக்க முடியாத நோய் இது என்றும், அடக்கி வைக்க முடியும் என்றும், திரும்பி வரலாம் என்றும், தை மாதத்துக்குத் தேதி குறிக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். சத்தியம் செய்து கொடுக்கவில்லை. அன்றிரவு அத்தான் வாய்விட்டு அழுதார். அக்காள்தான் அவரைத் தேற்றினாள். பிறகு இருவரும் தூங்கினார்கள். நெடு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் தூங்கிய இரவு அது.

இனி, தெய்வத்தின் பங்கு எது என்ற கேள்வி வருகிறது. வள்ளுவரின் நான்கு பங்கில் கடவுள் இல்லை. ஆனால் நம் வீடுகளில் முதல் பங்கே அவருக்குத்தான். நோய் என்று தெரிந்ததும் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறோம். எங்கள் வீட்டிலும் வைத்தீசுவரன் கோவிலுக்கு நேர்ந்துகொண்டாயிற்று. எதிர்வீட்டு அம்மாள் வேளாங்கண்ணியிலிருந்து எண்ணெய் கொண்டு வந்தாள். அத்தானுடன் வேலை பார்த்த ஒரு பாய் நாகூரில் ஓதிய கயிறு கொண்டு வந்து கொடுத்தார். அக்காள் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. “அவுக மனசு வந்து கொடுக்காக, அதை எப்படித் தள்ள?” என்றாள்.

சங்கடம் இதனால் வரவில்லை. “என்ன பாவம் செய்தாளோ” என்று திண்ணையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டவர்களால் வந்தது. “இன்னும் உறுதியாக நம்பினால் சரியாகிவிடும்” என்று உபதேசித்தவர்களால் வந்தது. நோய் வந்தது பாவத்தால், போகாதது நம்பிக்கைக் குறைவால் என்று சொல்லிவிட்டால் இரண்டு பழியும் நோயாளி தலையில் விழுகிறது. தெய்வத்தின் பெயரால் செய்யப்படுகிற இதைவிடப் பெரிய கொடுமை எனக்குத் தெரியவில்லை.

ராமகிருஷ்ண பரமஹம்சருக்கு 1885-இல் தொண்டையில் புற்று வந்தது. காளியிடம் கேட்டு நோயைத் தீர்த்துக்கொள்ளும்படி சீடர்கள் மன்றாடினார்கள். இத்தனை பேருடைய வாயாலும் நீதானே சாப்பிடுகிறாய் என்று அம்பிகை சீடர்களைக் காட்டினாள் என்று அவர் வெட்கத்தோடு வந்து சொன்னதாகச் சரித்திரம். 1886 ஆகஸ்ட் 16-ஆம் தேதி அவர் மறைந்தார். ரமண மகரிஷிக்கு இடது கையில் கட்டி தோன்றியது. நான்கு முறை அறுத்தார்கள்; ரேடியம் வைத்தார்கள். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் உடலை நீத்தார். இவர்களுக்கு நம்பிக்கை குறைவு என்று சொல்லத் துணிகிறவர் உண்டா? இருவரும் டாக்டர்களை வாசலில் நிறுத்திவிடவுமில்லை.

நேர்மாறான கதையும் நம்மிடம் உண்டு. சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர், எந்த வைத்தியத்துக்கும் அது அடங்காமற்போகவே, இரவோடிரவாகத் திருவதிகையில் இருந்த தமக்கையைத் தேடி வந்தார். திலகவதியார் திருநீறு கொடுத்துக் கோவிலுக்கு அழைத்துப் போனார், தம்பி பாடினார், நோய் தீர்ந்தது. அற்புதத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் அதில் வேறொன்றைக் காண்கிறேன். தெய்வத்தின் சந்நிதிக்குப் போவதற்கு முன்னால் அந்த நோயாளி போய் நின்ற இடம் அக்காளுடைய வாசல். வேறு மதத்துக்குப் போய்விட்ட தம்பி என்று கதவை அவள் சாத்திவிடவில்லை. அவருக்கு நோய் தீர்ந்தது, ரமணருக்குத் தீரவில்லை. தீருவதும் தீராததும் பக்தியின் எடையைப் பொறுத்தது என்று தராசு பிடிக்க நாம் யார்?

அக்காளுடைய பக்தி இந்த மூன்று வருஷத்தில் எப்படி மாறியது என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மருந்து ஏற்றிய இரண்டாவது வாரத்தில் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்துவிடுமாதலால் கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வெள்ளிக்கிழமை தவறாமல் காந்திமதியம்மனைப் பார்த்தவளுக்குக் கோவில் இல்லாமற்போயிற்று. பூவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்றார்கள். தலைமுடி உதிர ஆரம்பித்ததும் நாவிதரை வரவழைத்து மழித்துக்கொண்டாள். “எப்போ திருச்செந்தூர் போனீக?” என்று தெருவில் ஒருத்தி கேட்டபோது, “போகாமலே முடியிறக்கியாச்சு, முருகன் இங்கேயே வந்து வாங்கிக்கிட்டான்” என்று சிரித்தாள். விரல் நுனி மரத்துப்போய்க் கோலப்பொடி கையில் நிற்கவில்லை. கோணிக்கொண்டு போனாலும் நாலு புள்ளிக் கோலம் போடுவதை அவள் விடவில்லை.

முதல் வருஷத்தில் அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் நோய் போக வேண்டும் என்பதுதான். இரத்தத்தில் ஒரு எண்ணைப் பார்ப்பார்கள். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் நல்லது. அத்தான் அதை டயரியில் குறித்து வைப்பார். எண் இறங்கினால் சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல். ஏறினால் வீட்டில் அடுப்பே புகையாது. எந்தச் சாமியை நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு. இரண்டாம் வருஷம் நோய் திரும்பி வந்தது. மறுபடியும் சிகிச்சை தொடங்கியது. அதற்குப் பிறகு அவள் கேட்பது சிறுத்துப்போயிற்று. இன்றைக்கு வாந்தி வராமல் இருக்கட்டும். இந்தத் தடவை நரம்பு சீக்கிரம் கிடைக்கட்டும். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்கட்டும். “பெரிசாக் கேட்டா அவனுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்” என்றாள். பேரம் பேசுவதை நிறுத்திய பிறகுதான் அவளுக்கும் தெய்வத்துக்கும் இடையே பேச்சு வார்த்தை தாராளமாக நடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கேட்டது கிடைக்காமற்போனாலும் அவர்களுக்குள் மனஸ்தாபம் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பொறுமை புண்ணியம் என்று சொல்லி வலியைத் தாங்கச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். மார்பின் மாத்திரை என்றால் கடைசிக் கட்டம் என்று நடுங்குகிறோம். இந்தியாவில் அந்த மருந்து நோயாளிக்குக் கிடைப்பதற்குச் சட்டமே முட்டுக்கட்டையாக இருந்து, 2014-இல்தான் அதைத் திருத்தித் தளர்த்தினார்கள். வலியையும் மூச்சுத் திணறலையும் மனக் கலக்கத்தையும் தணிக்கிற வைத்தியத்தைக் கடைசி நாளுக்கென்று ஒதுக்கி வைக்காமல் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஆராய்ந்தார்கள். நுரையீரல் புற்று பரவிவிட்ட 151 பேரை வைத்துச் செய்த அந்த ஆராய்ச்சி 2010-இல் வெளிவந்தது. அப்படிக் கவனிக்கப்பட்டவர்கள் மனச் சோர்வு குறைந்து இருந்ததோடு, மற்றவர்களைவிட இரண்டரை மாதத்துக்கு மேல் அதிகமாகவும் வாழ்ந்தார்கள். ஆறுதலை வைத்தியத்தின் தோல்வி என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பரிமேலழகர் நோயாளிக்கு முதலில் சொன்ன தகுதி பணம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அத்தானுக்குப் பென்ஷன் வருகிறது; பிள்ளை சம்பாதிக்கிறான்; அப்படியும் இரண்டு வளையல் வீட்டை விட்டுப் போயின. அவையும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கை புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டவர். அந்தத் துக்கம் அவர் மனத்தில் முப்பது வருஷம் கிடந்து, 1954-இல் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியாக எழுந்தது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரையில் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. தங்கையைக் காப்பாற்ற முடியாமற்போன அன்பு, யார் யாருடைய தங்கைகளுக்கோ கட்டிலும் மருந்துமாயிற்று. நம்பிக்கை என்ற சொல்லுக்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு.

கவனிக்கிறவர் என்று வள்ளுவர் வைத்த அந்தக் கால் பங்கு, நம் வீடுகளில் யார் தோளில் விழுகிறது? குடும்பம் தாங்குகிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். தாங்குகிறவள் பெரும்பாலும் ஒருத்திதான். எங்கள் வீட்டில் அக்காளின் மருமகள். இரவில் வாந்திக் கிண்ணம் ஏந்துகிறவள் அவள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு மாமியாருக்கு இட்லியைக் குழைத்து ஊட்டுகிறவள் அவள். “உன்னை மாதிரி மருமகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்” என்று வருகிறவர்கள் எல்லாரும் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். ஒரு மத்தியானம் அவளை அனுப்பித் தூங்கச் சொன்னவர்கள் மிகச் சிலரே. அவளை யார் கவனிப்பது என்று முதலில் கேட்டவள் நோயாளியான அக்காள்தான். இப்போது செவ்வாயும் வெள்ளியும் அத்தான் சமையலறைக்குள் நுழைகிறார். அறுபத்தேழாவது வயதில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். அதில் உப்பு சரியாக இருப்பதில்லை. அக்காளுக்கு மருந்தால் ருசி தெரிவதில்லையாதலால் இருவருக்கும் சண்டை வருவதில்லை.

தை மாதத்துக் காதுகுத்து நடந்தது. அடுத்த தையும் வந்து போயிற்று. இனி வரப்போவதைப் பற்றி எங்களில் யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. அக்காள் கேட்பதுமில்லை. அடுத்த முறை மதுரைக்கு யார் கூட வருவது என்பதை மட்டும் இரண்டு நாளைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். பெயர் சொன்னதும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. அந்தத் தெளிவைப் பார்க்கும்போது, டாக்டர் கொடுக்க முடியாத நம்பிக்கையும் ஒன்று இருக்கிறது, அது எங்கள் கையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நோய் தீரும் என்பதல்ல அது. தீர்ந்தாலும் தீராவிட்டாலும் பக்கத்து நாற்காலியில் ஆள் இருக்கும் என்பது.

ஆகையால் உங்கள் தெருவில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தால், நம்பிக்கை கொடுத்தாரா என்று வாசலில் நிறுத்திக் கேட்க வேண்டாம். அடுத்த தடவை எப்போது போக வேண்டும், கூட யார் போகிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்று பதில் வந்தால், அந்த ஒரு நாளை ஒழித்து வைத்துக்கொள்ளுங்கள். பஸ் காலை ஐந்தரைக்குப் புறப்படும். குடிக்க வெந்நீரும், இரண்டு இட்லியும், படிக்க ஏதாவது ஒரு புத்தகமும் எடுத்துக்கொண்டால் போதும்.